ஆளில்லாத வழியாகப் பத்து நாள்

ஞாயிற்றுக்கிழமை, மாலை

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

உன் நாத்தனார் ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் என் தம்பியும் அங்கே சுகமாக இருப்பீர்கள். கல்யாணம் ஆகி மூன்று வாரம்தானே ஆகிறது, சுகத்துக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது!

உன் கடிதம் கிடைத்தது. போனில் நாலு வரி தட்டிவிடாமல், தாளில் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்புகிற ஒருத்தி எனக்குத் தம்பி மனைவியாக வாய்த்திருக்கிறாள் என்று எங்கள் ஆஸ்பத்திரியின் கட்டுப் போடும் அறையில் எல்லோரிடமும் காட்டிப் பீற்றிக்கொண்டேன். எலும்பு டாக்டர்கூட வாங்கிப் பார்த்து, இந்தக் கட்டடத்தில் ஒருத்தருக்கும் இப்படிக் கையெழுத்து வராது என்றார். மூக்குக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவள், உன் எழுத்து மட்டும் கோணிக்கொண்டா போகும்?

தேனிலவுக்கு வெளிநாடு போகிறீர்கள் என்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். பேருந்து பேருந்தாக ஆள் வந்து இறங்கிப் படம் எடுக்கும் ஊர் எதுவும் வேண்டாம், விமான நிலையத்திலேயே ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மலையும் ஏரியுமாக ஆளில்லாத வழியாகப் பத்து நாள் சுற்றலாம் என்று தம்பி திட்டம் போடுவதாக எழுதியிருந்தாய். அவன் சின்ன வயதிலிருந்தே கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குகிறவன். குளிர்த் துணி நிறைய எடுத்துக்கொள். மலைச் சாலையில் வயிற்றைப் புரட்டும், ஒரு எலுமிச்சம்பழம் கைப்பையில் இருக்கட்டும். கட்டுத்துணியும் வலிக்களிம்பும் நான் அனுப்புகிறேன், எங்கள் வீட்டுச் சீர் அதுதான்.

எனக்கு இந்த வாரம் தலைக்கு மேல் வேலை. தோள் நழுவி ஒரு கொத்தனார் வந்தார். நாங்கள் நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள டாக்டர் இழுத்தார். மடக்கென்று மூட்டு உள்ளே போய் உட்கார்ந்தது. அந்த ஒரு நொடியில் அவர் திட்டிய திட்டில் டாக்டரின் ஏழு தலைமுறையும் எழுந்து உட்கார்ந்திருக்கும். மறுநாள் ஒரு தச்சர், இயந்திரத்தில் கையை விட்டு மூன்று விரலைத் துணியில் பொதிந்து எடுத்து வந்தார். இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக மாவுக்கட்டுப் போடுகிறேன். மனிதர்கள் சொல்லும் காரணம்தான் இன்னும் பழகவில்லை. எங்கள் பதிவேட்டில் நான்காவது கட்டம் ‘காயம் ஏற்பட்ட விதம்’. அதை எழுதுவது என் வேலை. வருகிற பெண்களில் பாதிப்பேர் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்கிறார்கள். எங்கள் பதிவேட்டை நம்பினால் இந்த ஊரில் ஒருத்தரும் குளிக்கவே முடியாது!

நாங்களும் ஒரு காலத்தில் கார்ப் பயணம் போன குடும்பம்தான். அப்பாவுக்குக் காலியான சாலை என்றால் உயிர். அம்மா முன்னால் உட்காருவாள். தம்பி நடுவில் எட்டி எட்டி ரேடியோவைத் திருகுவான், காரில் ரேடியோ அவன் இலாகா. ஒரு முறை டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவிக் கார் அப்பாவின் காலில் இறங்கிவிட்டது. அதிலிருந்துதான் அவர் அப்படித் தாங்கித் தாங்கி நடக்கிறார். கல்யாணத்தன்று நீ கேட்டாய், சொல்ல நேரமில்லை.

தம்பியின் முதல் கல்யாணம் ஒத்துவராமல் போனதைப் பற்றி அவனே சொல்லியிருப்பான். அவள் கொஞ்சம் அவசரக்காரி, எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுவாள். நீ பதவிசான பெண். இரண்டு பேரும் நன்றாக இருப்பீர்கள்.

எந்தெந்த ஊர் வழியாகப் போகிறீர்கள் என்று வரிசையாக எழுது. நான் இங்கே வரைபடத்தில் கோடு போட்டு, கூடவே வருகிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பேன்.

என்றும் உன் நலம் நாடும்
நாத்தனார்


வியாழக்கிழமை, மதியம்

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

இதை உன் வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் கடைக்குக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக் காலையில் கைக்குக் கிடைத்துவிடும். கடையிலேயே படித்து முடித்துவிடு. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதே. உன் போன் எந்த நேரத்தில் யார் கையில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அதனால்தான் கூப்பிடவில்லை. ஒரு புதுப் பெண்ணுக்கு இப்படி எழுதக் கை கூசுகிறது. உண்மையை எழுதாமல் விட்ட ஒரு தடவைக்காக இன்னும் கூசிக்கொண்டிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

நான் போன வாரம் போட்ட கடிதத்துக்கு உன் பதில் இந்தத் திங்கட்கிழமை வந்தது. விரலுக்கு ஐஸ் வைத்தால் போதுமா என்று கேட்டிருந்தாய். போதாது.

நீ எழுதியதை அப்படியே திருப்பி எழுதுகிறேன், நீயே ஒரு முறை படித்துப் பார். “வரைபடத்தில் ஒரு கடற்கரை ஊரில் விரலை வைத்தேன். அங்கே ஒரே கூட்டம், எத்தனை தடவை சொல்வது என்று சிரித்துக்கொண்டே விரலைப் பிடித்து மடக்கினார். விளையாட்டுக்குத்தான் அக்கா. நாலு நாளாக வீக்கம் வடியவில்லை, மோதிரம் ஏறவில்லை.” இவ்வளவுதான் நீ எழுதியது. ஆனால் விரலை உள்ளே மடக்கினால் அதற்கு ஒன்றும் ஆகாது, அது மடங்குவதற்காகவே இருக்கிறது. புறங்கைப் பக்கம் வளைத்தால்தான் இப்படி வீங்கும். அதுவும் கொஞ்சமாக வளைத்தால் இல்லை, நீ கத்திய பிறகும் விடாமல் வளைத்திருக்க வேண்டும். நீ கத்தினாயா என்று எழுதவில்லை. அவன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினானா என்றும் எழுதவில்லை.

உன் பயணப் பட்டியலை வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் சாதாரணச் சாலை. மூன்றாம் நாளிலிருந்து ஆறு நாள் ஒரு ஏரிக்கரையில் தனி மர வீடு, பக்கத்துக் கடைக்கே நாற்பது கிலோமீட்டர். கார் ஓட்ட உனக்குத் தெரியாது. பாஸ்போர்ட் இரண்டும் அவன் பையில். போன் இரண்டையும் அணைத்து வைத்துவிடலாம், அதுதான் நிஜமான ஓய்வு என்றானாம். உன் அம்மாவிடம்கூட ஊர்ப் பெயர் சொல்ல வேண்டாம், திரும்பி வந்து படம் காட்டி அசத்தலாம் என்றானாம். காருக்கென்று பெரிய ஸ்பீக்கர் ஒன்று வாங்கியிருக்கிறானாம். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். திங்கட்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

போன கடிதத்தில் அப்பாவின் காலைப் பற்றி நான் எழுதியது பொய். தம்பியின் முதல் மனைவியைப் பற்றி எழுதியது அதைவிடக் கேவலமான பொய்.

அப்பாவுக்குக் காலியான சாலை பிடிக்கும் என்று எழுதினேன், ஏன் பிடிக்கும் என்று எழுதவில்லை. வீட்டில் அம்மாவை அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். சாலையில் யார் தட்டுவது? காரை ஓரம் கட்டுவார். ஜன்னலை ஏத்து என்பார், நான் ஏற்றுவேன். ரேடியோவைக் கூட்டுடா என்பார், தம்பி கூட்டுவான். அதுதான் அவன் இலாகா. அதற்குப் பிறகு அம்மாவை முடியைப் பிடித்து வெளியே இழுப்பார். முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மலை அழகாக இருக்கிறது பாருங்கள் என்பார். நாங்கள் பார்ப்போம்.

அந்த வருஷம் எனக்குப் பதினாறு, தம்பிக்கு எட்டு. டயர் பஞ்சரானது உண்மை. அப்பா ஜாக்கி போட்டு மாற்றி முடித்ததும் உண்மை. மாற்று டயரிலும் காற்று குறைவாக இருந்தது. “கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்திருக்கலாமே” என்று அம்மா சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்பா அவள் பின்னந்தலையைப் பிடித்து முகத்தைக் கார்க் கதவின் விளிம்பில் மோதினார். இரண்டு பல் சரளையில் விழுந்தது. இரண்டாவது முறை மோதியபோது மூக்குத் தண்டு உடைந்தது. அம்மா கத்தவில்லை, கத்த வாயில் இடமில்லை, அவ்வளவு ரத்தம். மூன்றாவது முறைக்குத் தலையைப் பின்னால் இழுத்தபோது நான் கீழே கிடந்த ஜாக்கிக் கம்பியை எடுத்தேன். அவர் முழங்காலுக்குக் கீழே என் பலம் முழுவதையும் கொண்டு அடித்தேன். விழுந்தார். விழுந்த பிறகும் அதே இடத்தில் இன்னும் இரண்டு அடி அடித்தேன். கடைசி அடியில் எலும்பு முறிந்த சத்தம் ரேடியோவையும் மீறிக் கேட்டது. ஒரு வண்டி அந்தப் பக்கம் வரவில்லை. ஆளில்லாத சாலை அன்றைக்கு எனக்கும் உதவியது.

ஆஸ்பத்திரியில் பதிவேடு எழுதுகிறவர் எப்படி ஆனது என்று கேட்டார். ஜாக்கி நழுவிவிட்டது என்று நான்தான் சொன்னேன். அப்பா மறுக்கவில்லை. பெற்ற மகள் அடித்தாள் என்று எந்த ஆம்பளை வாய்விட்டுச் சொல்வான்? அதன் பிறகு அம்மா பதினொரு வருஷம் உயிரோடு இருந்தாள், அவள் மேல் அவர் ஒரு விரல் வைக்கவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். தம்பி எல்லாவற்றையும் பார்த்தானே, பெண்ணை அடிப்பது தப்பு என்று அவனுக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று நினைத்தேன். என் ஆயுசில் நான் செய்த பெரிய தப்பு அந்த நினைப்புதான். சரியான இடம் பார்த்து ஓங்கி அடித்தால் எதிரில் இருக்கிறவர் சாகும்வரை வாயைத் திறக்க மாட்டார் என்பதைத்தான் அவன் கற்றுக்கொண்டான். அப்பாவிடமிருந்து இல்லை, என்னிடமிருந்து.

ஏழு வருஷத்துக்கு முன்னால் முதல் மனைவியையும் தேனிலவுக்குத்தான் அழைத்துப் போனான். அப்போதும் கூட்டமில்லாத இடம்தான், ஒரு மலை உச்சியில் தனி வீடு. இரண்டாம் நாள் அவன் சொன்ன பாதையில் நடக்க மாட்டேன், கால் வலிக்கிறது என்றிருக்கிறாள். கையைப் பின்னால் கொண்டுபோய் முறுக்கினான். பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாம். மூன்று நாள் அந்தக் கையோடு அங்கேயே வைத்திருந்தான். பிறகு காரில் உட்காரவைத்து, வழியில் இரண்டு ஆஸ்பத்திரியைத் தாண்டி, நேராக என் அறைக்கு அழைத்து வந்தான். அக்கா பார்த்துக்கொள்வாள் என்று அவனுக்குத் தெரியும்.

அவளுடைய மேல்கை முழுக்கக் கறுத்துப் போயிருந்தது. ஒரு பக்கம் நாலு விரல் தடம், மறுபக்கம் கட்டைவிரல் தடம். கையை ஊன்றி விழுந்தவர்களுக்குப் பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம் போகும். இவளுக்கு மேல்கை எலும்பில் விரிசல் திருகாணியின் மரை மாதிரி சுற்றிக்கொண்டு போயிருந்தது. என் இத்தனை வருஷ அனுபவத்தில் அதைப் பார்த்து ஏமாற வழியே இல்லை. டாக்டர் அவளைப் பார்த்து எப்படி ஆச்சு என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “எங்க வீட்டுப் பொண்ணுதான் டாக்டர், பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா” என்றேன். நான்காவது கட்டத்தில் என் கையாலேயே அதை எழுதினேன். தம்பி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த முகத்தை நான் வளர்த்தேன், அதற்குச் சோறு ஊட்டினேன், அதனால்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். இன்றைக்கும் அவன் மேல் எனக்குப் பாசம் போகவில்லை, அதையும் உனக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவள் அவனோடு திரும்பிப் போனாள். என் பொய்க்குப் பிறகு வேறு எங்கே போவாள்? அடுத்த ஒன்றரை வருஷத்தில் இரண்டு விலா எலும்பும் இடது காதின் கேட்கும் சக்தியும் போயின. அதற்கெல்லாம் அவள் என்னிடம் வரவில்லை, வேறு ஊரில் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டாள். அவசரக்காரி என்று உனக்கு எழுதினேனே, அவள் அவசரப்பட்டிருந்தால் அந்தக் காது மிஞ்சியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு அவளைத் தேடிப் போனேன். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அந்த வலது கை இன்னும் முழுசாக நீளவில்லை, ஆனால் ஸ்டியரிங்கை அநாயாசமாகத் திருப்புகிறாள். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிடுவாள் என்று நினைத்தேன். சாத்தவில்லை. உன் கடிதத்தைக் கொடுத்தேன், நின்றுகொண்டே படித்தாள். பிறகு என்னிடம் ஒன்று சொன்னாள். “அன்னைக்குக் கட்டு போடறப்போ என் கைய ரொம்ப மெதுவா பிடிச்சீங்க. வழுக்கி விழுந்தவங்கள யாரும் அப்படிப் பிடிக்க மாட்டாங்க. உங்களுக்கு எல்லாம் தெரியும்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது” என்றாள். மன்னிப்புக் கேட்டேன். “அத அப்புறம் பாத்துக்கலாம், அந்தப் பொண்ணு எப்பக் கிளம்பறா?” என்று கேட்டாள். அடுத்த புதன் என்றேன். உள்ளே போய் அலமாரியிலிருந்து தன் எக்ஸ்ரே படத்தை எடுத்து வந்து கொடுத்தாள். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உங்கள் கடையின் வெளிச்சப் பலகையில் பிடித்துப் பார். கோடு எப்படிச் சுற்றிப் போகிறது என்று பார். நான் கூடப் பிறந்த பாசத்தில் எதை வேண்டுமானாலும் மாற்றிச் சொல்வேன். அந்தப் படம் அப்படிச் சொல்லாது.

நேற்றுப் பெரிய டாக்டரிடம் போய், அந்த நான்காவது கட்டத்தில் நான் பொய் எழுதினேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வேலை போனாலும் போகலாம். எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய், வருத்தமாகத்தான் இருக்கிறது.

இனி நான் சொல்வதை அப்படியே செய். தம்பியிடம் எதையும் கேட்காதே, எதிர்த்துப் பேசாதே, பட்டியல் நன்றாக இருக்கிறது என்று சொல். பாஸ்போர்ட்டைத் தேடி எடுக்கப் போகாதே. போனால் போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம். சனிக்கிழமை எப்போதும் போல் வேலைக்குக் கிளம்பு. பத்து மணிக்கு நான் உன் கடை வாசலில் நிற்பேன். கூட ஒரு பள்ளிக்கூட வேன் நிற்கும். ஓட்டுகிறவள் யார் என்று சொல்லத் தேவையில்லை, மற்றதை அவளிடமே கேட்டுக்கொள். எதையும் எடுத்து வராதே, ஏறிக்கொள்.

நீ தம்பியின் திட்டத்தை அனுப்பினாய் அல்லவா, நானும் உனக்கு ஒரு பயணத் திட்டம் போட்டிருக்கிறேன். கடை வாசலிலிருந்து எங்கள் எலும்பு டாக்டர், விரலைப் படம் எடுக்க வேண்டும். நான்காவது கட்டத்தில் நீ சொல்வதை நான் எழுதுவேன், ஒரு எழுத்து மாற்ற மாட்டேன். அங்கிருந்து உன் அம்மா வீடு. வழி முழுக்கக் கடைத்தெரு, பேருந்து நிலையம், சந்தை, ஒரே நெரிசல். நடுவில் எங்கேயும் காரை ஓரம் கட்ட இடம் கிடைக்காது.

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பிறகு நான் தம்பியிடம் போவேன். கையில் கம்பி எடுத்துக்கொண்டு போக மாட்டேன். அது ஒரு தடவை பண்ணிப் பார்த்தாகிவிட்டது. என்ன செய்தான் என்பதை அவன் முகத்துக்கு நேராகச் சொல்வேன், கேட்கிற காதுக்கெல்லாம் சொல்வேன். அவன் என் மேல் கை வைத்தாலும் வைக்கலாம். வைத்தால் பதிவேட்டில் அதையும் எழுதுவேன்.

உனக்கு என் மேல் கோபம் வந்திருக்கும். கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, பந்தலில் சிரித்துக்கொண்டு நின்றாயே பாவி என்று தோன்றும். தோன்ற வேண்டும். அந்தக் கோபத்தைச் சனிக்கிழமை வேனில் வைத்து என்னிடம் காட்டு. எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் கத்து, ரேடியோவை யாரும் தொட மாட்டோம்.

புதுப் பெண்ணுக்கு எழுதுகிறவர்கள் என்னென்னவோ வாழ்த்தி முடிப்பார்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் வருகிறது. நீ எந்த ஊரில் இருந்தாலும், எந்த வீட்டில் இருந்தாலும், நீ கத்தினால் காதில் விழுகிற தூரத்தில் எப்போதும் நாலு பேர் இருக்கட்டும் அம்மா.

சனிக்கிழமை பத்து மணிக்கு வந்துவிடு.

உன் வரவுக்காக வாசலில் நிற்கப்போகும்
அக்கா